வேலைக்கான நேர்காணல்: ஆயத்தமும் உரிமையும்

விண்ணப்பம் அனுப்பி மூன்று வாரங்கள் கழிந்தபின், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வருகின்றது. பேசுபவர் தம் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விரைந்து கூறி, வியாழக்கிழமை முற்பகல் 10 மணிக்கு வர இயலுமா என வினவுகின்றார். மகிழ்ச்சியில் "வருகிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்த பின்னரே, எந்தப் பதவிக்கு, எந்த முகவரியில், யார் முன்னிலையில் என்பன ஒன்றும் மனத்தில் பதியவில்லை என்பது தெரிகின்றது. மொழிபெயர்ப்புப் பணியில் நான் சந்தித்த விண்ணப்பதாரர் பலர் இந்த நிலையைக் கடந்து வந்தவர்களே.

ஆதலின் முதல் ஆயத்தம் தொலைபேசியின் அருகில் ஒரு தாளும் பேனாவும் வைத்திருப்பதாகும். பதவியின் பெயர், இடம், நேர்காணல் குழுவில் இருப்போரின் பெயர்கள், எழுத்துத் தேர்வோ செயல்முறைத் தேர்வோ உண்டா என்பது ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றை மின்னஞ்சலில் அனுப்புமாறு வேண்டுவது மரியாதைக் குறைவன்று. இங்கே அது வழக்கம். வேலை விளம்பரத்தையும் பணி விவரக் குறிப்பையும் விண்ணப்பிக்கும் அன்றே சேமித்துவையுங்கள். முடிவுத் திகதி கடந்ததும் விளம்பரம் இணையத்திலிருந்து நீக்கப்படுவது உண்டு. நேர்காணலுக்கு முந்திய இரவு அதைத் தேடி அலைவது வீண் வேதனை.

இலங்கையில் இதனை நேர்முகப் பரீட்சை என்றும், தமிழ்நாட்டில் நேர்காணல் என்றும் வழங்குவர். இவ்விரண்டில் நேர்காணல் என்பதே இந்நாட்டு நடைமுறைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பரீட்சை என்றவுடன் நம் மனம் சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுகின்றது. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் வரிசையாக வெளிவருகின்றன. எதிரே இருப்பவர்களோ விடைத்தாளைத் திருத்த வந்தவர்கள் அல்லர். இந்த மனிதருடன் நாள்தோறும் எட்டு மணிநேரம் வேலை செய்ய இயலுமா, சிக்கல் எழுந்தால் இவர் என்ன செய்வார் என்பதையே அவர்கள் அறிய விரும்புகின்றனர்.

பணி விவரத்தை வாசிக்கும் முறை

பணி விவரக் குறிப்பை ஒரு வழக்கின் குற்றப்பத்திரிகையைப் போல வாசியுங்கள் என்று நான் சொல்வதுண்டு. சட்டம் படித்தவனுக்கு வேறு உவமை தோன்றாது. குற்றப்பத்திரிகையில் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று வேண்டும். அதுபோலப் பணி விவரத்தில் "குழுவாக இயங்கும் திறன்", "பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தல்", "வாடிக்கையாளருடன் பொறுமையாகப் பேசுதல்" என எவை கேட்கப்பட்டுள்ளனவோ, அவை ஒவ்வொன்றின் எதிரிலும் உங்கள் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு நிகழ்வைச் சான்றாக எழுதுங்கள். அது நீங்கள் முன்னர் பார்த்த வேலையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கோயில் அன்னதானத்துக்கு முந்நூறு பேருக்குச் சமைக்க ஏற்பாடு செய்ததும், தமிழ்ப் பள்ளியின் கணக்கைப் பார்த்ததும், நோயுற்ற மாமியாரின் மருந்துகளை ஈராண்டுகள் நேரம் தவறாமல் கொடுத்ததும் சான்றுகளே. பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டிருந்த பெண்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும். அந்த ஆண்டுகள் வெற்றிடம் அல்ல.

ஆறேழு நிகழ்வுகள் போதும். ஒரே நிகழ்வு இரண்டு மூன்று வினாக்களுக்குப் பொருந்துவது இயல்பு.

நிகழ்வைச் சொல்லும் முறைக்கு இங்கே ஒரு வாய்பாடு உண்டு. சூழல் என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைந்தது என்ன என்னும் நான்கும் அவ்வரிசையில் வரவேண்டும். "ஒரு நிகழ்வைக் கூறுங்கள்", "எப்பொழுதேனும் ஒரு முறை" என்று தொடங்கும் வினா வந்தால், இந்த வாய்பாட்டையே எதிர்பார்க்கின்றனர் என்று தெளியலாம். பொதுப்படையான கருத்துரை அங்கே எடுபடாது.

"நான்" எனும் சொல்

நம்மவர் பெரிதும் இடறும் இடம் இது. அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

கோயம்புத்தூர் ஆலை ஒன்றில் பத்தாண்டுகள் பண்டசாலைப் பொறுப்பாளராக இருந்து, இப்போது வீரியில் உள்ள களஞ்சியம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். "சரக்கு இருப்பில் பிழை ஏற்பட்ட ஒரு சந்தர்ப்பத்தைக் கூறுங்கள்" என்று கேட்கின்றனர். அவர் சொல்கின்றார்: "எங்கள் ஆலையில் அவ்வப்போது பிழைகள் வரும். நாங்கள் எல்லோரும் கூடிப் பேசிச் சரிசெய்வோம். எங்கள் மேலாளர் மிகவும் நல்லவர். அவருடைய வழிகாட்டலில் எல்லாம் நன்றாக நடந்தது."

தமிழ் அவையில் இது பண்பான விடை. தன்னை முன்னிறுத்தாமை, மூத்தவருக்குப் பெருமை அளித்தல், உடன் உழைத்தோரை மறவாமை ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஆனால் நேர்காணல் குழுவினரின் குறிப்பேட்டில் ஒரு சொல்லும் ஏறாது. எந்த நிகழ்வு, யார் கண்டுபிடித்தார், இவர் என்ன செய்தார், எவ்வளவு மீண்டது என்பன ஒன்றும் அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்கள் ஒவ்வொரு வினாவுக்கும் மதிப்பெண் இடுகின்றனர். மேலாளரின் நற்குணத்துக்கு இவருக்கு மதிப்பெண் இட முடியாது.

அதே மனிதர் இவ்வாறும் சொல்லலாம்: "ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் நூற்சிப்பங்கள் நாற்பது குறைந்தன. பண்டசாலைப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. நான் மூன்று மாத வழங்கற் சீட்டுகளை எடுத்து நாள்வாரியாக ஒப்பிட்டேன். இரவுப் பணியில் வெளியேறிய சிப்பங்கள் மறுநாட் காலையில்தான் பதியப்படுவதையும், சில பதியப்படாமலே விடுபடுவதையும் கண்டேன். வாயிற் காவலரிடம் ஒரு கைப்பிரதிப் புத்தகம் வைக்குமாறு மேலாளரிடம் பரிந்துரைத்தேன், அவர் ஏற்றார். அடுத்த கணக்கெடுப்பில் குறைவு இரண்டு சிப்பங்களே." இதில் தற்புகழ்ச்சி ஏதும் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு சொல்லியிருக்கின்றார். மேலாளரும் வருகின்றார், ஆனால் தம் இடத்தில் வருகின்றார்.

தமிழில் "நாம்" என்றும் "நாங்கள்" என்றும் இரு சொற்கள் உண்டு. கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் பேச நம் மொழி இடமளிக்கின்றது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே நீங்கள் பன்மையில் பேசும்போது அதில் உங்கள் பங்கு எது என்று அறிய அவர்களுக்கு வழியே இல்லை. வீட்டில் ஒத்திகை பார்க்கையில் பிள்ளைகளில் ஒருவரை எதிரே அமர்த்தி, பன்மையில் பேசும்போதெல்லாம் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். இங்கு வளர்ந்த பிள்ளைகள் இந்த வேலையை மிகுந்த உற்சாகத்துடன் செய்வர்.

திருக்குறளில் அமைச்சர்க்குரிய பகுதி சொல்வன்மையை 65ஆம் அதிகாரத்திலும், அவையறிதல், அவையஞ்சாமை என்பவற்றை 72, 73ஆம் அதிகாரங்களிலும் வைத்துள்ளது. அவையறிதல் அவையஞ்சாமைக்கு முன் நிற்பதைக் கவனியுங்கள். எந்த அவை என்று அறிந்தபின்பே அஞ்சாமை பயன்படும்.

என் முதல் நேர்காணலில் நான் அவையை அறியவில்லை. கொழும்பில் சட்டம் பயின்று இந்நாட்டுக்கு வந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் எழுதுநர் பதவிக்கு அழைத்திருந்தனர். "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்றனர். பிறந்த ஊர், தந்தையார் பார்த்த தொழில், பள்ளியில் பெற்ற பரிசு என்று தொடங்கி, பல்கலைக்கழகம் வந்து சேருமுன்பே எட்டு நிமிடங்கள் ஆகிவிட்டன. குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் மென்மையாகக் கேட்டார்: "இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்?" அதற்கு என்னிடம் விடை இல்லை. வேலை வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அந்த வினாவுக்கு இரண்டு நிமிடங்களே அளவு. இப்போது என்ன செய்கின்றீர், இந்தப் பதவிக்குப் பொருந்தும் அனுபவம் எது, இந்நிறுவனத்தை ஏன் நாடினீர் என்பன போதும். ஊரும் உறவும் தேநீர் வேளைக்குரியவை.

பெயர், வணக்கம், தலையசைவு

இங்கே மேலாளரையும் முதற்பெயரால் அழைப்பதே வழக்கம். ஒவ்வொரு வாக்கியத்திலும் "சேர்", "மேடம்" என்று சேர்ப்பது பணிவாகத் தோன்றாமல் தயக்கமாகத் தோன்றும். உங்கள் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக இடம்பெற்றிருந்தால், குழுவினர் உங்கள் தந்தையாரின் பெயரால் உங்களை அழைக்கக்கூடும். தொடக்கத்திலேயே எப்பெயரால் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெயர் நீளமாயின் அசை பிரித்து ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். பெயரைச் சுருக்கி ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

தலையை இரு பக்கமும் மெல்ல அசைத்து இசைவு தெரிவிப்பது நம் வழக்கம். பார்ப்பவர்க்கு அது "ஆம்" என்றோ "இல்லை" என்றோ விளங்காது. வாயால் "ஆம்" என்று சொல்லிவிடுவது நல்லது. வினா விளங்காவிட்டால் மீண்டும் கேட்கத் தயங்க வேண்டாம். நியூசிலாந்தரின் ஆங்கிலத்தில் "பெட்" என்பது "பிட்" எனவும் "பென்" என்பது "பின்" எனவும் நம் காதில் விழும். பல்லாண்டுகள் ஆங்கிலத்தில் பயின்றவர்க்கும் இது பழகச் சில மாதங்கள் ஆகும். "யே, நா" என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் "இல்லை" என்று பொருள்படும்.

உடை பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. தூய்மையும் பதவிக்கு ஏற்ற தன்மையும் போதும். பயணத்தைப் பற்றி ஒரு சொல்: தகனினியின் இருப்புப்பாதைக் கடவைகளில் தடுப்புக் கம்பம் எப்பொழுது இறங்கும் என்று சொல்ல முடியாது, தெற்கு நெடுஞ்சாலையின் காலை நெரிசலை நீங்களே அறிவீர்கள். தொடருந்துப் பாதையில் பராமரிப்புப் பணி நடக்கும் நாள்களில் பதில் பேருந்துகள் ஓடும், அவை தாமதமாகும். முந்திய நாளே ஆக்லாந்துப் போக்குவரத்துச் செயலியில் பாருங்கள். மிடில்மோர் மருத்துவமனையில் நேர்காணல் என்றால் தொடருந்து நிலையம் அதன் அருகிலேயே உள்ளது. ஊர்தி நிறுத்த இடம் தேடுவதைவிட அது எளிது.

மாவோரி மொழியும் வைத்தாங்கி உடன்படிக்கையும்

அரசுத் துறைகள், மருத்துவமனைகள், பள்ளிகள், மாநகர மன்றம் முதலியவற்றில் நேர்காணல் "கியா ஓரா" எனும் வணக்கத்துடனும், சில வேளை "கரக்கியா" எனப்படும் வாழ்த்துரையுடனும் தொடங்கும். அமைதியாக இருந்து கேட்பது போதும். குடும்பத்தினர் ஒருவரைத் துணையாக அழைத்து வரலாம் என்று அழைப்புக் கடிதத்தில் கூறப்பட்டிருப்பின், அது வெறும் உபசார வார்த்தையன்று. விரும்பினால் அழைத்துச் செல்லலாம்.

மாவோரிப் பெயர்களை உச்சரிப்பதில் தமிழர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. அம்மொழியில் உயிர்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று அரிச்சுவடியில் கற்றவர்க்கு இதில் புதிதாகக் கற்க ஏதுமில்லை. நம் ஊரின் பெயரிலேயே "கா" நெடில். "தகானினி" என்பதே திருத்தமான ஒலிப்பு. வழக்கில் நாம் அதைக் குறுக்கிவிட்டோம். நேர்காணல் குழுவில் மாவோரிப் பெயருடையவர் இருந்தால், முன்கூட்டியே நெடில் எது என்று பார்த்து அழைத்துப் பாருங்கள். அவர் முகத்தில் தெரியும்.

இத்தகைய பதவிகளில் தவறாது வரும் வினா ஒன்று உண்டு: வைத்தாங்கி உடன்படிக்கையை உங்கள் வேலையில் எவ்வாறு கடைப்பிடிப்பீர்கள்? புதிதாக வந்தவர்கள் இவ்வினாவில் திகைத்துப் போகின்றனர். சிலர் "எல்லோரையும் சமமாக நடத்துவேன்" என்று கூறி முடித்துவிடுகின்றனர். அவ்விடை போதாது. உடன்படிக்கை 1840 பெப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் முதலில் கையொப்பமிடப்பட்டது. பின்னர் நாடெங்கும் எடுத்துச் செல்லப்பட்டு 500க்கு மேற்பட்ட மாவோரித் தலைவர்கள் ஒப்பமிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி மொழிப் பிரதியில். ஆங்கிலப் பிரதி இறைமையை முடிக்கு வழங்குவதாகக் கூற, மாவோரிப் பிரதி "காவனத்தங்க" எனும் ஆளுகை உரிமையையே வழங்குகின்றது. தலைமை உரிமையாகிய "ரங்கத்திரத்தங்க" மாவோரியரிடமே இருக்கும் என்கின்றது. இரு மொழிப் பிரதிகள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது என்ன நேரும் என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இந்நாட்டின் நூற்றெண்பது ஆண்டுப் பூசல்களுள் பல அந்த ஒரு சொற்றெரிவிலிருந்து கிளைத்தவை.

நம் ஊரே இதற்குச் சான்று. தே ஆக்கிட்டாய் வையோஹுவா குழுவின் தலைவர் இஹாக்கா தகானினியின் பெயரையே இவ்வூர் தாங்கியுள்ளது. 1863இல் வைக்காட்டோ போர் தொடங்கியபோது அவரும் குடும்பத்தினரும் கைது செய்யப்பட்டனர். விசாரணை ஏதுமின்றி அவர் ஹௌராக்கி வளைகுடாவின் ரக்கினோ தீவில் தடுத்து வைக்கப்பட்டு, 1864இல் இறந்தார். நிலம் பறிபோவதும் விசாரணையின்றித் தடுப்பில் இருப்பதும் என்னவென்று நம்முள் பலர் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. அந்த நினைவோடு பேசும் இரண்டு வாக்கியங்கள், மனப்பாடம் செய்த ஒரு பக்கத்தைவிட நேர்மையானவை. அவ்வளவோடு நில்லாமல் வேலைக்குத் திரும்புங்கள். முதியோர் இல்லப் பணியாயின், மாவோரி முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் முடிவுகளில் அவருடைய குடும்பத்தாரைக் கலந்துகொள்வேன், உணவு வைக்கும் மேசையில் உடல் தூய்மைப் பொருள்களை வையேன், பெயரைத் திருத்தமாகச் சொல்வேன் என்பன போன்ற செயல்களைக் கூறுங்கள்.

கேட்கத் தகாத வினாக்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 921இல், ஊர் வாரியத்துக்குத் தெரிவு செய்யப்படுவோர்க்கு 35க்கு மேல் 70க்குள் வயதும் கால் வேலி நிலமும் வேண்டும் என்று வகுத்தது. நிலமுடைமை போகட்டும்; வயது வரம்பு இன்று இந்நாட்டில் ஒரு வேலை விளம்பரத்தில் இடம்பெற்றால் பெரும்பாலும் சட்டத்துக்கு முரணாகும்.

1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம் 13 காரணங்களைக் குறித்து, அவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. பால் (கருவுற்றிருத்தலும் இதில் அடங்கும்), மணநிலை, சமய நம்பிக்கை, சமயம் சாரா நம்பிக்கை, நிறம், இனம், தேசியப் பூர்வீகம், உடற்குறை அல்லது நோய், வயது, அரசியற் கருத்து, குடும்ப நிலை, பாலியல் நாட்டம் என்பவற்றோடு வேலையற்றிருத்தலும் அதில் ஒன்று. வேலை இல்லாமலோ அரச உதவித்தொகை பெற்றோ இருப்பதை மட்டும் காரணமாக்கி ஒருவரை ஒதுக்குவதும் பாகுபாடே. இதை அறிந்தவர் நம்மிடையே மிகச் சிலர். சில குறிப்பிட்ட விதிவிலக்குகள் சட்டத்திலேயே உள்ளன; எனினும் பொது விதி இதுவே. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாகுபாடு காட்டும் நோக்கத்தைப் புலப்படுத்தும் வினாக்களைக் கேட்பதையும் அச்சட்டம் தடுக்கின்றது.

"மணமாகிவிட்டதா? குழந்தை பெறும் எண்ணம் உண்டா? எத்தனை வயது? எந்தக் கோயிலுக்குப் போவீர்கள்?" என்னும் வினாக்கள் இவ்வகையின. இவை பெரும்பாலும் தீய எண்ணத்தோடு வருவதில்லை. சிறு நிறுவனங்களில் உரையாடலின் போக்கில் வந்துவிடும். நம்மவர் நடத்தும் கடைகளிலும் வருகின்றன என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. அவ்வேளையில் சட்டப் பிரிவைச் சொல்லி வாதிடுவது உங்கள் உரிமை. ஆயினும் வேலை வேண்டுபவர்க்கு அதைவிடப் பயன்தரும் வழி, வினாவின் பின்னுள்ள தேவையைப் பிடித்து விடை கூறுவது. குழந்தைகள் உள்ளனரா என்றால், "அட்டவணையில் உள்ள நேரங்கள் அனைத்திலும் நான் பணிக்கு வர இயலும்" என்று கூறலாம். வீட்டுக்கு வந்தபின் வினாவை, கேட்டவர் சொன்ன சொற்களிலேயே, திகதியுடன் எழுதிவையுங்கள். பின்னர் முறையிட விரும்பினால் அதுவே சான்று. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 0800 496 877.

கேட்கத் தக்கவையும் உண்டு. இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு உள்ளதா என்று கேட்பதும் விசாவைச் சரிபார்ப்பதும் வேலை வழங்குநரின் கடமை. சனிக்கிழமை வர இயலுமா, பளு தூக்க இயலுமா, இந்த வேலையால் மோசமடையக்கூடிய காயம் ஏதும் உண்டா என்பனவும் வேலையோடு தொடர்புடையனவாயின் முறையானவையே. இவற்றுக்குப் பொய் கூறாதீர்கள். பின்னாளில் அது வெளிப்பட்டால் வேலையை இழக்க அதுவே காரணமாகலாம்.

குற்றப் பதிவு பற்றிய வினாவில் தனி விதி ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டின் குற்றப் பதிவு நீக்கச் சட்டத்தின்படி, ஏழாண்டுகள் புதிய தண்டனை ஏதுமின்றிக் கழிந்து, எக்காலத்தும் சிறைத்தண்டனை பெறாமலும் சட்டம் கூறும் ஏனைய நிபந்தனைகளுக்கு உட்பட்டும் இருப்பவர், இங்குப் பெற்ற சிறு தண்டனைகளைக் குறித்துத் தமக்குக் குற்றப் பதிவு இல்லை என்றே கூறலாம். குழந்தைகளைப் பராமரித்தல் போன்ற சில பணிகளுக்கு இது பொருந்தாது. ஐயம் இருப்பின் முன்னரே ஆலோசனை பெறுக.

பரிந்துரைப்போர்

இருவர் பெயரைக் கேட்பர். அவர்களிடம் முன்கூட்டியே இசைவு பெற்று, பணி விவரத்தையும் அனுப்பிவையுங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ இருப்பவராயின் நேர வேறுபாட்டை எழுதிக் கொடுங்கள்: கோடையில் நாம் அவர்களைவிட ஏழரை மணிநேரமும், குளிர்காலத்தில் ஆறரை மணிநேரமும் முந்தியுள்ளோம். ஆக்லாந்தின் காலை 10 மணிக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள முன்னாள் அதிபரை உறக்கத்திலிருந்து எழுப்பிப் பெறும் பரிந்துரை எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இப்போதைய முதலாளியிடம் உங்கள் இசைவின்றி விசாரிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

முடிவில் "எங்களிடம் கேட்க ஏதும் உண்டா?" என்பர். "ஒன்றும் இல்லை, நன்றி" என்பது நம் பணிவின் விடை. அக்கறையின்மையாக அது விளங்கிக்கொள்ளப்படும். முதல் மூன்று மாதங்களில் இப்பதவியில் இருப்பவரிடம் எதை எதிர்பார்க்கின்றீர்கள், எவருடன் பணியாற்றுவேன், முடிவு எப்பொழுது தெரியும் என்பவற்றுள் இரண்டைக் கேளுங்கள்.

ஊதியமும் ஒப்பந்தமும்

எதிர்பார்க்கும் ஊதியத்தைக் கேட்டால், அதே வகை வேலைகளின் விளம்பரங்களைப் பார்த்து ஓர் எல்லையைச் சொல்லுங்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்து குறைத்துச் சொல்லாதீர்கள். வாடகை டாலரில் கட்ட வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் வழக்கமாக ஏப்ரல் 1 அன்று மாற்றப்படும். நடப்பு அளவைத் தொழில் நியூசிலாந்தின் 0800 20 90 20 எண்ணில் கேட்டறியலாம்.

வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் மகிழ்ச்சியில் எதிலும் கையொப்பமிட்டுவிடுவோர் உண்டு. ஒப்பந்த வரைவின் பிரதியைத் தந்து, சுதந்திரமான ஆலோசனை பெறும் உரிமை உண்டு என்று தெரிவித்து, அதற்கு நியாயமான அவகாசமும் தருவது 2000ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தின்படி வேலை வழங்குநரின் கடமை. "இரண்டு நாள்களில் வாசித்துத் தருகிறேன்" என்பது நன்றிகெட்ட பேச்சன்று.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது 90 நாள் சோதனைக் காலப் பிரிவு. 2023 டிசம்பர் இறுதியிலிருந்து எந்த அளவிலான நிறுவனமும் இதைச் சேர்க்கலாம். இப்பிரிவு செல்லுபடியாகுமானால், அக்காலத்தில் உரிய அறிவித்தலுடன் நீக்கப்பட்டவர் நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்கிட இயலாது. பாகுபாடு, தொல்லை ஆகியவை குறித்து முறையிடும் உரிமை அப்போதும் உண்டு. இப்பிரிவு எழுத்தில் இருக்க வேண்டும்; நீங்கள் வேலையைத் தொடங்குமுன் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்; முன்னர் அதே நிறுவனத்தில் பணியாற்றியவருக்கு அது பொருந்தாது. திங்கட்கிழமை வேலையைத் தொடங்கிவிட்டுப் புதன்கிழமை ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் சொன்னால், இந்த வரிசை முறை உங்களுக்குப் பெரிதும் முக்கியமாகும். தொடங்கிய நேரத்தையும் கையொப்பமிட்ட நேரத்தையும் குறித்துவையுங்கள்.

நிலையான வேலையை விட்டு வருவோர் சோதனைக் காலப் பிரிவை நீக்குமாறு கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் இழப்பில்லை, சிலர் நீக்கியும் தருகின்றனர்.

வேலை தருவதற்குப் பணம் கேட்டால், அது "பயிற்சிக் கட்டணம்", "விசாச் செலவு", "வைப்புத்தொகை" என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஐயுற வேண்டும். வேலை தருவதற்கு விலையாக ஊழியரிடம் பணம் பெறுவதை 1983ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கின்றது. ஊரில் நகையை அடகுவைத்து இப்பணத்தைக் கட்டிய குடும்பங்களின் கடிதங்களை நான் மொழிபெயர்த்திருக்கின்றேன். விசா போய்விடும் என்ற அச்சத்தால் அவர்கள் நெடுநாள் வாய் திறக்கவில்லை. மேலே தந்த 0800 20 90 20 எண்ணில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுத் தமிழிலேயே பேசுங்கள்.

ஒப்பந்தத்தை விளக்கிக்கொள்ளக் குடிமக்கள் ஆலோசனை மையத்தை 0800 367 222 எண்ணில் அழைக்கலாம், கட்டணமில்லை. சமூகச் சட்ட மையங்களும் இலவச ஆலோசனை தருகின்றன. வால்டர்ஸ் வீதியில் உள்ள "தே பாத்தக்க கோரெரோ ஓ தகானினி" நூலகத்திலும் சமூக மையத்திலும் கணினி, இணையம், அச்சிடும் வசதி ஆகியவை உள்ளன. வீட்டில் அமைதி இல்லாதவர்கள் காணொளி நேர்காணலுக்கு அமைதியான இடம் கிடைக்குமா என்று அங்கே முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

கிடைக்கவில்லை என்றால்

மறுப்புக் கடிதம் வந்ததும் மூன்று வரியில் நன்றி கூறி, எந்த வினாவில் என் விடை போதவில்லை என்று அறிய விரும்புகின்றேன் என எழுதுங்கள். பலர் தொலைபேசியில் அழைத்தே சொல்வர். அவர்கள் சொல்வதை மறுத்து வாதிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

விடை வராவிட்டாலும் வழி உண்டு. 2020ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தின்படி, உங்களைப் பற்றி நேர்காணல் குழுவினர் எழுதிய குறிப்புகளையும் இட்ட மதிப்பெண்களையும் நீங்கள் கேட்டுப் பெறலாம். 20 பணி நாள்களுக்குள் அவர்கள் முடிவு தெரிவிக்க வேண்டும். பரிந்துரைப்போர் இரகசியம் என்ற உறுதியின்பேரில் சொன்னவற்றை அவர்கள் மறைக்க இயலும். மின்னஞ்சலில் இரண்டு வாக்கியங்கள் போதும்: நேர்காணல் நடந்த திகதியையும் பதவியின் பெயரையும் குறிப்பிட்டு, என்னைப் பற்றிய தகவல்களின் பிரதியைத் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் வேண்டுகின்றேன் என்று எழுதுங்கள். வந்த குறிப்புகளை, அடுத்த நேர்காணலுக்காக நீங்கள் எழுதிவைத்திருக்கும் ஆறேழு நிகழ்வுகளின் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.